சொன்னதை மட்டும் சொல்கிறவர்

1952ஆம் வருடம், நோன்புப் பெருநாள் முடிந்த வாரத்தில், நெய்னா முகம்மதுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாக ஒன்று. கோர்ட்டில் தமிழ் இன்டர்பிரிட்டர் வேலைக்கு எடுத்துக்கொண்டிருப்பதாக இன்னொன்று. டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில், ஒரே அறையைப் பலகை வைத்து இரண்டாகத் தடுத்து வாழ்ந்த குடும்பம் அது. இரண்டில் எது வந்திருந்தாலும் கொண்டாடியிருப்பார்கள். இரண்டும் சேர்ந்து வந்ததில் வீடே குழம்பிப்போனது.

அவருடைய அத்தா நாகூர் கனி ஜாலான் புசாரில் ஒரு இரும்புச் சாமான் கடையில் இருபது வருடமாக நின்று நின்றே கால் வீங்கிப்போனவர். அவருக்கு மட்டும் குழப்பமே இல்லை.

"கோர்ட்டு வேலைன்னா கவர்மெண்டு வேலை. டை கட்டிக்கிட்டு ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பே. பென்ஷன் உண்டு. இதுல யோசிக்க என்னடா இருக்கு?"

நெய்னா முகம்மது யோசித்தது வேறு. எந்த வேலையில் போய் உட்கார்ந்தால் நாலு பேருக்கு அதிகமாக உபயோகப்படலாம் என்பதுதான் அவருடைய யோசனை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அதை வீட்டில் சொல்லவில்லை.

அந்த எண்ணம் சும்மா வந்ததல்ல. அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, கீழே குடியிருந்த மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர் என்று நெய்னாவையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "வயித்த வலிக்குது" என்பதைத் தவிர அந்த ஆள் வேறெதுவும் சொல்லவில்லை. டாக்டர் கேட்டதையெல்லாம் விடாமல் திருப்பித் திருப்பிக் கேட்டு, முந்தாநாள் தொப்புளைச் சுற்றி இருந்த வலி இப்போது வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியிருக்கிறது என்பதை வெளியே கொண்டுவந்தவர் நெய்னாதான். உடனே அறுத்து வைத்தியம் பார்த்தார்கள். ஆள் பிழைத்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று சொல்லி, டாக்டர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு நெய்னாவின் தோளை விட்டுப் போகவே இல்லை.

டாக்டராக வேண்டும் என்றுதான் முதலில் ஆசைப்பட்டார். அதற்கு வீட்டில் வழியில்லை. மிஞ்சியது இந்த இரண்டும்தான். அவரோடு படித்த வேலாயுதத்துக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அவரிடம் மட்டும் மனதைத் திறந்தார்.

"வாத்தியார் வேலைய விட நல்ல வேலை எதுடா?" என்றார் வேலாயுதம். "வருஷத்துக்கு நாப்பது புள்ளைங்க. முப்பது வருஷத்துக்குப் பெருக்கிப் பாரு."

"நான் போகலன்னா அந்த வகுப்பு காலியாவா கெடக்கும்? வேற ஒருத்தர் வருவாரு. நல்லாவும் சொல்லிக் குடுப்பாரு. நீயே போறியே."

"கோர்ட்டுக்கும் வேற ஒருத்தர் வருவாரு லா."

இதற்குப் பதில் தேடிக்கொண்டு நெய்னா கோர்ட்டுக்கே போய்ப் பார்வையாளர் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சிராங்கூன் ரோட்டுப் பால்காரர் ஒருவரைப் பாலில் தண்ணீர் கலந்ததாக நிறுத்தியிருந்தார்கள். அவர் நிறையப் பேசினார். அன்றைக்கு மாட்டுக்கு நோவு, பக்கத்துக் கொட்டகைக்காரரிடம் பால் வாங்கி ஊற்றினேன், அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், இதோ வெளியேதான் நிற்கிறார் என்று கையை நீட்டிக் காட்டினார். வயதான இன்டர்பிரிட்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, "தான் செய்யவில்லை என்கிறார்" என்றார். அவ்வளவுதான். தண்டனை விழுந்தது. இத்தனை பேசினேனே, எல்லாம் எங்கே போயிற்று என்பது போலப் பால்காரர் இன்டர்பிரிட்டரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் நெய்னா முகம்மது பயிற்சிக் கல்லூரிக்கு, வரவில்லை என்று எழுதிப்போட்டார்.

கோர்ட்டில் தலைமை இன்டர்பிரிட்டராக இருந்தவர் அப்துல் முத்தலிப். முதல் நாளே அவர் புது ஆட்களை நிறுத்திவைத்துச் சொன்னார்: "நீங்க ஒரு குழாய். இந்தப் பக்கம் ஊத்துனது அந்தப் பக்கம் வரணும். உப்பும் சேக்கக் கூடாது, சீனியும் சேக்கக் கூடாது. அவன் சொன்னதைச் சொல்லு. சொல்லாததைச் சொல்லாதே."

நெய்னா முகம்மது நல்ல குழாயாக இருந்தார். ஒரு சொல் சிந்தாமல் மாற்றி ஊற்றினார். தஞ்சாவூர்ப் பேச்சானாலும் சரி, கடையநல்லூர்ப் பேச்சானாலும் சரி, தோட்டத்திலிருந்து வந்தவர்களுடைய மலாய் கலந்த தமிழானாலும் சரி, அவருக்குப் புரியாதது இல்லை. முதல் வருடம் மனம் நிறைந்துதான் வீடு திரும்பினார்.

இரண்டாம் வருடத்திலிருந்து மூச்சு முட்ட ஆரம்பித்தது.

கேள்வி புரியாமலே "ஆமாங்கய்யா" என்று தலையாட்டுகிற ஆள் எதிரே நிற்பார். அவருக்குப் புரியவில்லை என்பது நெய்னாவுக்குத் தெரியும். ஆனால் அந்த ஆள் சொன்னது 'ஆமாம்'. அதை மட்டும்தான் அவர் சொல்ல முடியும். யோசித்துப் பதில் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. கண்ணால்கூடச் சாடை காட்டக் கூடாது. மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் மெல்ல முணுமுணுக்கிற தண்டனை, நெய்னாவின் குரலில்தான் தமிழாகி அவர்கள் காதில் விழும். ஆறு மாதம் என்பதும் அவர் குரல்தான். கூடவே பிரம்படி என்பதும் அவர் குரல்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஃபலோ ரோட்டுக் கோப்பிக்கடையில் ஒருவர் அவரைக் கைகாட்டி, கூட இருந்தவர்களிடம் சத்தமாகவே சொன்னார்: "இந்தா போறான் பாரு, எனக்கு ஆறு மாசம் போட்டவன்." சொல்லிவிட்டுக் காறித் துப்பினார். அந்த ஆளுக்காக நெய்னா ஒரு காற்புள்ளியைக்கூட விடாமல் மொழிபெயர்த்திருந்தார்.

1954இல் ரஷீதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருடம் மகள் ஜைனப் பிறந்தாள். "கோர்ட்டுல நாள் பூரா பேசுறீங்களாம்ல, வீட்டுக்கு வந்தா வாயில என்ன வச்சிருக்கீங்க?" என்று ரஷீதா கேட்பார். உண்மையில் அவருக்குச் சொந்தமாகப் பேசவே வரவில்லை. நாள் முழுக்க 'நான் திருடினேன்', 'நான் அடித்தேன்', 'நான் குடித்திருந்தேன்' என்று அடுத்தவர்களின் 'நான்' எல்லாம் அவர் வாய்வழியாகவே போய்வந்தது. வீட்டுக்கு வந்தால் நாக்கு அசையாது.

வேலைக்குச் சேரும்போது ஐந்து வருட ஒப்பந்தம். அது 1957இல் முடிந்தபோது வேலாயுதம் தேடிக்கொண்டு வந்தார். அவர் அப்போது புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு தமிழ்ப் பள்ளியில் இருந்தார்.

"எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க ஆள் இல்லடா. இப்ப காலியாத்தான் கெடக்கு. வந்துடேன்."

நெய்னாவுக்கு அப்போதே கிளம்பிவிடலாம் போல இருந்தது. ஆனால் மறுநாள் கோர்ட்டில், தனக்குப் பதிலாக யார் அந்த இடத்துக்கு வருவார்கள் என்று பார்த்தார். கூட வேலை பார்த்த முத்துசாமிதான் வருவார். முத்துசாமி கெட்டவரல்ல. கலகலப்பான மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனால் எதையும் சுருக்கிவிடுவார். "நீ ஏன் நெய்னா இப்படி முழுசா இழுத்துக்கிட்டு நிக்கிறே? சுருக்கமாச் சொன்னா தொரைக்கும் சந்தோஷம், நமக்கும் சாப்பாட்டுக்கு நேரத்தோட போலாம் லா," என்பார்.

அன்று அவர் கண்ணில் பால்காரருடைய முகம் வந்து நின்றது. எந்தக் கேள்வி அவரை உள்ளே கொண்டுவந்ததோ, அதே கேள்வி இப்போது வாசலை அடைத்துக்கொண்டு வெளியே விட மறுத்தது. வேலாயுதத்திடம், இன்னொரு வருடம் போகட்டும் என்றார்.

அந்த இன்னொரு வருடத்தில்தான் பூவம்மா வந்தாள்.

தோ பாயோ கம்பத்துக் குடியிருப்பில், ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடொன்றில் இருந்தவள் அவள். நகரசபையில் புல்வெட்டுகிற வேலை. புருஷன் ஜொகூர் பக்கம் தோட்ட வேலைக்கென்று போனவன் திரும்பவில்லை. கண்மணி என்று மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு நாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, கதவைக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். முடிச்சு சரியாக விழவில்லை. குழந்தை வெளியே வந்து, பக்கத்துக் கீரைத் தோட்டத்துக்காகத் தோண்டிவைத்திருந்த தண்ணீர்க் குழியில் விழுந்துவிட்டது. திரும்பி வந்து தூக்கியபோது உயிர் இல்லை.

சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை. இப்படிச் சாவு நடந்தால் மாஜிஸ்திரேட் ஒருவர் விசாரித்துக் காரணத்தை எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். அரை மணி நேரத்தில் முடிய வேண்டிய விசாரணை. வெள்ளைக்கார மாஜிஸ்திரேட், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு குமாஸ்தா. தமிழுக்கு நெய்னா முகம்மது.

முதலில் பக்கத்து வீட்டு மங்களம் சாட்சி சொன்னாள். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்ததால், அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"முந்தின நாளு புள்ள கஞ்சியக் கொட்டிருச்சுங்க. பூவம்மா கத்துனா. 'சனியனே, செத்துத் தொலையேன், எனக்கு நிம்மதியாச்சும் கெடைக்கும்'னு கத்துனா. மத்தபடி தங்கமான பொம்பளைங்க."

நெய்னா அதை இங்கிலீஷில் சொன்னார். செத்துப்போ, நீ போனால் எனக்கு நிம்மதி. தமிழில் ஒரு நாளைக்குப் பத்து வீட்டில் கேட்கிற வசவு. இங்கிலீஷில் அவர் வாயிலிருந்து வந்தபோது அது வேறு எதுவாகவோ இருந்தது. மாஜிஸ்திரேட் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அடுத்தது பூவம்மா. என்ன நடந்தது என்று அவளைக் கேட்டார்கள். நெய்னா கேள்வியைத் தமிழில் சொல்லி முடிக்கும் முன்னே அவள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"நான்தாங்கய்யா கொன்னேன். என் கையாலயே கொன்னுட்டேன் என் தங்கத்த. என்னையும் கொன்னுருங்க."

மங்களம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தமிழ் தெரிந்த எவருக்கும் அதில் விளங்காதது ஒன்றும் இல்லை. பெற்றவள் அழுகிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்த மேடையில் இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. அவள் சொன்னது இதுதான். சொல்லாததைச் சொல்லக் கூடாது. நெய்னா முகம்மது இங்கிலீஷில் சொன்னார்: நான்தான் அவளைக் கொன்றேன். என் சொந்தக் கையால் கொன்றேன். என்னையும் கொன்றுவிடுங்கள்.

குமாஸ்தாவின் பேனா நின்றது. போலீஸ் இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இது தமிழில் ஒரு பேச்சு வழக்கு. துக்கத்தில் பெண்கள் இப்படித்தான்..." என்று நெய்னா ஆரம்பித்தார்.

"இதை அந்தப் பெண் சொன்னாளா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இல்லை ஐயா. ஆனால்..."

"அவள் சொல்லாததை நான் கேட்க முடியாது, மிஸ்டர் இன்டர்பிரிட்டர்."

அவர் கடுமையாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். போலீஸ் மேற்கொண்டு விசாரிக்க எட்டு நாள் தவணை. அதுவரை பூவம்மா காவலில். இதையும் அவளிடம் சொல்ல வேண்டியவர் நெய்னாதான்.

"அம்மா, எட்டு நாளைக்கு உங்களக் காவல்ல வைக்கச் சொல்றாங்க."

அவள் புரியாமல் பார்த்தாள். "நாளைக்குக் கண்மணியப் பொதச்ச எடத்துல பால் ஊத்தணும்யா," என்றாள். நெய்னா அதையும் மொழிபெயர்த்தார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அன்று மாலை வீட்டுப் படியேறும்போதே ரஷீதாவின் குரல் கேட்டது. ஜைனப் ஜன்னல் கட்டையில் ஏறி நின்றுகொண்டிருந்தாள். "எறங்குடி! எறங்கலன்னா இப்ப கொன்னே போட்டுருவேன் உன்ன!" என்று ரஷீதா பதறிக்கொண்டு ஓடினார். மகளைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால், புருஷன் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான நாலு வருடத்தில் அவர் அழுது ரஷீதா பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோர்ட்டில் நடந்ததை வீட்டில் சொன்னார்.

"அப்ப நீங்க எடுத்துச் சொல்லுங்க," என்றார் ரஷீதா.

"எனக்குச் சொல்ல வாய் கிடையாது ரஷீதா. அது அவங்க வாய்."

மறுநாள் அப்துல் முத்தலிபிடம் போய், என்னைச் சாட்சியாக ஏற்றும்படி எழுதிக் கொடுக்கிறேன், அந்தச் சொல்லுக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று நான் விளக்குகிறேன் என்று கேட்டார். முத்தலிப் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நெய்னா, நீ சொல்றது நியாயம்தான். ஆனா இன்னிக்கு இந்தம்மாவுக்காக நீ பேசினா, நாளைக்கு இன்னொருத்தனுக்கு எதிரா ஒருத்தன் பேசுவான். 'இவன் இப்படிச் சொன்னாலும் உள்ளுக்குள்ள அர்த்தம் வேற தொரை'ன்னு சொல்லுவான். அதுக்குத்தான் இந்தச் சட்டம். நம்ம ஆளுங்களக் காப்பாத்தத்தான்."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் நெய்னாவை இன்னும் வதைத்தது. எதிரே ஒரு அயோக்கியன் நின்றிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நின்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள். சட்டமும் நல்ல சட்டம். அந்த நல்லதற்கு நடுவில் ஒருத்தி காவலில் கிடந்தாள். அவளை உள்ளே தள்ளிய சொற்கள் அவர் சொன்னவை.

எட்டாம் நாள். குமாஸ்தா பூவம்மாவின் வாக்குமூலத்தை எடுத்து வைத்தார். இங்கிலீஷில் எழுதியதை இன்டர்பிரிட்டர் மறுபடி தமிழில் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். சரிதான் என்று அவள் கைநாட்டு வைக்க வேண்டும். வைத்துவிட்டால் வழக்கு வேறு கோர்ட்டுக்கு, வேறு பெயரில் போகும்.

காகிதத்தை நெய்னா கையில் வாங்கினார். அவளுடைய சொற்களிலேயே படித்தால் 'ஆமாங்கய்யா' என்றுதான் சொல்வாள். எட்டு நாளாக அவள் வேறெதையும் நினைத்திருக்க மாட்டாள். கட்டைவிரலில் மை பூசிக்கொண்டு தயாராக நின்றாள்.

காகிதத்தை மடித்தார்.

"பூவம்மா," என்றார். "புள்ளையத் தூக்கித் தண்ணியில போட்டது நீங்களா?"

கோர்ட்டில் யாரும் கேட்கச் சொல்லாத கேள்வி. ஆறு வருடத்தில் அவர் சொந்தமாகப் பேசிய முதல் வாக்கியம்.

பூவம்மா அலறிவிட்டாள். "அடப்பாவி! பெத்த புள்ளைய யாராச்சும் தண்ணியில போடுவாங்களா? தண்ணி புடிக்கப் போனேன்யா! கயித்த நல்லா இறுக்கிக் கட்டாமப் போனேன். அதானேய்யா நான் செஞ்சது! உனக்குப் புள்ள இல்லையா? என்ன வார்த்தை கேட்டுட்டே!"

அவள் கம்பியைத் தாண்டி அவர்மேல் பாயப் பார்த்தாள். போலீஸ்காரர் பிடித்துக்கொண்டார். அவளிடம் என்ன கேட்டீர்கள் என்று மாஜிஸ்திரேட் எழுந்தே நின்றுவிட்டார். நெய்னா தான் கேட்டதையும் சொன்னார். அவள் சொன்னதையும், 'அடப்பாவி' உட்பட, ஒன்று விடாமல் சொன்னார்.

அந்த நிமிடமே அவரைக் கீழே இறங்கச் சொன்னார்கள். முத்துசாமியை அழைத்து வந்து நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட் காகிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, நெய்னா கேட்ட அதே கேள்வியைத் தானே கேட்டார். கயிறு எப்படி இருந்தது, குழாயடியில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள், யார் அவளைப் பார்த்தார்கள் என்றும் கேட்டார். அன்று முத்துசாமியும் சுருக்கவில்லை. விபத்து என்று எழுதி, மத்தியானத்துக்குள் பூவம்மாவை விட்டுவிட்டார்கள்.

வெளியே வராந்தாவில் நெய்னா நின்றுகொண்டிருந்தார். மங்களத்தின் தோளில் சாய்ந்தபடி வந்த பூவம்மா அவரைக் கண்டதும் நின்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ வெளங்க மாட்டே," என்றாள் அவள். "என்னைப் பாத்து அந்தக் கேள்வியக் கேட்டியே. நீ வெளங்கவே மாட்டே."

அவள் எதற்காக எட்டு நாள் உள்ளே இருந்தாள், எதனால் வெளியே வந்தாள் என்பது எதுவுமே அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், டை கட்டிய ஒரு தமிழன் ஊரறிய அவளைப் பார்த்து, பிள்ளையைக் கொன்றாயா என்று கேட்டது மட்டும்தான். மங்களம் அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். நெய்னா கூப்பிட்டு விளக்கவில்லை. விளக்கினால், 'நீ சொன்னதை நான்தான் முதலில் கொலையாக்கினேன்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

நெய்னாமீது நடந்த விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அத்தா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் வேலாயுதம் வந்து, பஸ் ஏற்றி, புக்கிட் பாஞ்சாங்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். "சும்மாதானே இருக்கே. வந்து ரெண்டு வகுப்பு எடு."

ஏழு வாரம் எடுத்தார். தகரக் கூரைப் பள்ளி. மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பெஞ்சில் தாளம் போடுவார்கள். அவர் கேள்வி கேட்கலாம். பதில் புரியவில்லை என்றால் மறுபடி கேட்கலாம். தப்பாகச் சொன்னால், யோசித்துச் சொல் என்று சொல்லலாம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குள் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்தது. வீட்டில் ஜைனபுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தார். ரஷீதா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்வார், கண் பட்டுவிடுமோ என்று பயந்தவர் மாதிரி.

வேலை போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. போய்விட வேண்டும் என்றே ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டார். அவராக விட முடியாததை அவர்களே பிடுங்கிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எட்டாம் வாரம் கடிதம் வந்தது. கோர்ட்டின் அனுமதியின்றி சாட்சியிடம் கேள்வி கேட்டது பெரும் தவறு. கடுமையாக எச்சரிக்கப்படுகிறார். இத்தனை வருட நல்ல சேவையை உத்தேசித்து, திங்கட்கிழமை முதல் வேலைக்குத் திரும்பலாம்.

அத்தா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அல்ஹம்துலில்லாஹ் என்றார். நெய்னா முகம்மது கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"விட்டுடுங்க," என்றார் ரஷீதா. "நான் தையல் தைக்கிறேன். ஸ்கூல் சம்பளம் போதும். இந்த ஏழு வாரமாத்தான் எனக்கு ஒரு புருஷன் கெடச்சாரு."

வீட்டுக்காக இந்த வேலையில் இருந்தாக வேண்டும் என்ற கடைசிக் கட்டும் அறுந்துவிட்டது. ஒப்பந்தம் இல்லை, வீட்டில் தடை இல்லை, பள்ளியில் இடம் காத்திருந்தது. அவரைப் பிடித்து வைக்க வெளியே ஒருவரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிராங்கூன் ரோட்டை மேலும் கீழுமாக நடந்தார். வேலாயுதத்தைப் பார்த்தபோது, "நான் இல்லாட்டி அந்த ஸ்கூலுக்கு யாராச்சும் கெடைப்பாங்களாடா?" என்று கேட்டார்.

வேலாயுதம் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "போன வாரம் ஒருத்தர் விண்ணப்பம் போட்டிருக்காரு," என்றார். "உன் அளவுக்கு வர மாட்டாரு. ஆனா வருவாரு."

"சரி," என்றார் நெய்னா.

"மடையன்டா நீ."

"தெரியும்."

திங்கட்கிழமை காலை ரஷீதா சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோர்ட்டுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றார். முதல் வழக்கில் அனுமதியில்லாமல் கடலை விற்ற கிழவர் ஒருவர். எல்லாக் கேள்விக்கும் தலையாட்டினார். நெய்னா அந்தத் தலையாட்டலை இங்கிலீஷில் 'ஆம்' என்று மாற்றவில்லை. கடிதத்தில் இருந்த ஒரு சொல் அவர் மனதில் தங்கியிருந்தது. அனுமதியின்றி. அப்படியானால் அனுமதி கேட்கலாம்.

"ஐயா, கேள்வி அவருக்குப் புரிந்ததா என்று கேட்க அனுமதி வேண்டும்," என்றார்.

"தேவையில்லை. மேலே போங்கள்," என்றார் மாஜிஸ்திரேட்.

மேலே போனார். அடுத்த வழக்கிலும் கேட்டார். அதற்கடுத்ததிலும் கேட்டார். 1967இல் அவர் தலைமை இன்டர்பிரிட்டரான பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள் போய் நம்மவர்கள் வந்து உட்கார்ந்த பிறகும், பெரும்பாலும் 'தேவையில்லை' என்றுதான் பதில் வந்தது. எப்போதாவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சரி, கேளுங்கள்," என்பார். அப்போது மட்டும் நெய்னா முகம்மது கூண்டில் நிற்கிற ஆளின் பக்கம் திரும்பி, தன் சொந்தக் குரலில், அவசரமில்லாமல் கேட்பார்:

"அண்ணே, இவங்க கேட்டது வெளங்குச்சா?"